திரிந்த பாலில் ஒரு பூரணம்

மாட்டுங்கா லேபர் கேம்ப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், கோடைக்காலத்தில் அடுப்பேற்றிய பால் திரிந்துபோவது அரிதன்று. கூலிப் பணத்தில் எண்ணி வாங்கிய பாலைச் சாக்கடையில் கொட்டும்போது, காசோடு பிள்ளைகளின் உணவும் போகிறது. அதனை எவ்வாறு காக்கலாம் என்பதை நாம் இங்கு ஆராய்வோம்.

இத்தாலியர் பாலாடைக்கட்டி செய்தபின் எஞ்சும் தெளிநீரை மீண்டும் சூடாக்கி, அதிலுள்ள புரதத்தைத் திரட்டுகின்றனர். 'மறுமுறை காய்ச்சியது' என்னும் பொருள்பட அதற்கு ரிக்கோட்டா என்று பெயர். கீரையுடன் பிசைந்து மாவுப் பண்டங்களுள் பூரணமாக வைப்பர். நம் நாட்டில் அதற்கு நெருங்கிய உறவு, வங்காளத்தில் சானா என வழங்கும் மெதுவான திரட்டு. அழுத்திக் கட்டியாக்கினால் அதுவே பனீர்.

கொதிக்கும் பாலில் புளிப்புச் சேர்ந்தால் புரதம் ஒன்றுகூடிக் கொழுப்பையும் தன்னுள் பற்றிக்கொள்கிறது. ஆகவே 100 கிராம் பசும்பால் சானாவில் ஏறத்தாழ 18 கிராம் புரதமும் 20 கிராம் கொழுப்பும் அமைகின்றன. அதே அளவு பாலில் புரதம் 3 கிராமே.

செய்முறை எளிது. ஒரு லிட்டர் பால் கொதித்ததும், இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விடுக. தானே திரிந்த பாலுக்குச் சாறு வேண்டுவதில்லை. துணியில் வடித்தால் 150 முதல் 200 கிராம் வரை கிடைக்கும். வெல்லமும் ஏலமும் சேர்த்தால் கொழுக்கட்டைக்கும், மராட்டிய அண்டை வீட்டார் செய்யும் மோதகத்திற்கும் பூரணமாகும். வெங்காயம், பச்சைமிளகாய், கொத்துமல்லி சேர்த்தால் சப்பாத்திக்கும் தோசைக்கும் ஆகும்.

வடிந்த பச்சை நிறத் தெளிநீரையும் கொட்டற்க. பாலின் சர்க்கரையும், ரிபோபிளேவின் என்னும் உயிர்ச்சத்தும், சுண்ணாம்புச் சத்தில் ஒரு பகுதியும் அதில் தங்குகின்றன. மாவு பிசையவும் பருப்பு வேகவைக்கவும் அது உதவும்.

ஒன்றை மட்டும் மறவாதிருப்போம். துர்நாற்றமோ கசப்போ வழுவழுப்போ தோன்றிய பால் கெட்ட பால். அதனைக் காய்ச்சினாலும் நன்மையாகாது. ஐயம் எழுந்த பாலைக் குழந்தைகளுக்கு அளித்தலாகாது. நல்ல திரட்டையும் அன்றைக்கே உண்டு தீர்த்தல் நலம். சிக்கனம் என்பது எதையும் எறியாமை மட்டுமன்று. எறியத்தக்கதை அறிந்து எறிதலுமாம்.