நூற்றுக்கு மூன்றரை வட்டி

ஆத்தூர், செம்பட்டி, சின்னாளபட்டி பக்கம் வட்டிக்குப் பணம் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "நூத்துக்கு எவ்வளவுண்ணே?" என்பதுதான். நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. மூன்றைத் தாண்டினால் வீட்டுப் பெரியவர்கள், "வேணாம்ப்பா, நகைய வச்சுக்கலாம்" என்று தடுத்துவிடுவார்கள். அதே வீட்டுப் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கும் கிரெடிட் கார்டுக்குப் பல வங்கிகள் வாங்குவது மாதம் மூன்றரை ரூபாய், சில மூன்றே முக்கால். ஆண்டுக் கணக்கில் 42 சதவீதமும் அதற்கு மேலும். கார்டு கொடுக்க வருகிறவரிடம் மட்டும் அந்தப் பழைய கேள்வியை நாம் ஏனோ கேட்பதில்லை.

இந்த வட்டிக்கு ஒரு வரம்பு கட்டும் முயற்சி நடந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வட்டி விகிதம் ரிசர்வ் வங்கி பார்க்க வேண்டிய விஷயம் என்றது நீதிமன்றம். ரிசர்வ் வங்கியோ, அதிக வட்டி கூடாது என்று சொல்கிறதே தவிர எண் போட்டு உச்சவரம்பு வைக்கவில்லை. ஆகவே காவல் நம் கையில்தான்.

பில்லில் இரண்டு தொகைகள் அச்சாகியிருக்கும்: மொத்த பாக்கி, குறைந்தபட்சத் தொகை. பலரும் சறுக்குவது இரண்டாவதில். மொத்த பாக்கி 40,000 ரூபாய், குறைந்தபட்சம் ஐந்து சதவீதமாக 2,000 ரூபாய் என்று வையுங்கள். 2,000 கட்டினால் அபராதம் வராது, போன் வராது, மனசும் லேசாகிவிடும். ஆனால் மீதி 38,000க்கு மூன்றரை வட்டி 1,330 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 239 ரூபாய். ஆக, கட்டிய இரண்டாயிரத்தில் அசலுக்குப் போனது 431 ரூபாய்தான். இதுவும் குறைத்துச் சொன்ன கணக்கு. பாக்கி வைத்துவிட்டால் வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஓடும். அடுத்த மாதம் வாங்கும் மளிகைக்கும் வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் முதல் நாளிலிருந்தே வட்டி, எடுப்பதற்குத் தனிக் கட்டணம். அந்தப் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கார்டு மாதச் சம்பளக்காரருக்காகச் செய்யப்பட்டது. ஆத்தூர் வட்டாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவருக்குப் பணம் வருவது தேங்காய் வெட்டுக்கு வெட்டு. அதற்கு ஒன்றரை மாதமோ இரண்டு மாதமோ ஆகும், விலையும் வியாபாரி சொல்வதுதான். சின்னாளபட்டி சேலைத் தொழிலிலோ தீபாவளி, பொங்கலை ஒட்டித்தான் கையில் காசு புரளும். பில் மட்டும் மாதம் தவறாமல் வந்து நிற்கும். வருமானம் வரும் தேதியும் பில் கட்டும் தேதியும் பொருந்தாத இடத்தில்தான் ஒழுங்கானவர்கள்கூடக் கடனாளி ஆகிறார்கள். ஊதாரித்தனத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு ஓரளவு வழி இருக்கிறது. பில் சுழற்சித் தேதியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமையை வங்கி நமக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பால் பணமோ சம்பளமோ கைக்கு வரும் தேதிக்கு இரண்டு மூன்று நாள் கழித்துக் கடைசித் தேதி விழும்படி கேட்டு வாங்குங்கள். பில் 5ஆம் தேதி போடப்பட்டு 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டுமென்றால், 6ஆம் தேதி வாங்கிய பொருளுக்கு ஏறக்குறைய ஐம்பது நாள் வட்டியில்லை. 4ஆம் தேதி வாங்கியதற்கு மூன்று வாரம்தான். உரமும் விதையும் வாங்கவோ இந்தக் கார்டே வேண்டாம். 1998இல் வந்த கிசான் கடன் அட்டை அதற்காகத்தான் இருக்கிறது. மூன்று லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு ஆண்டுக்கு 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். தவணையும் அறுவடையை ஒட்டி வரும். கிரெடிட் கார்டு மாதம் மூன்றரை, இது ஆண்டுக்கு நான்கு. இரண்டுக்கும் கார்டு என்றுதான் பெயர்.

2022இல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைக்க அனுமதி வந்தது. மளிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையில் இப்போது கடனும் செலவழிகிறது. சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறதா, கார்டிலிருந்து போகிறதா என்று செயலியில் ஒரு கணம் பார்த்துவிட்டு ரகசிய எண்ணைப் போடுங்கள். மகளிர் குழுவில் வாரா வாரம் வரவு செலவு எழுதிப் பழகிய அக்காமார் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. கார்டு பில்லை அவர்கள் கையில் கொடுத்துப் பாருங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பார்க்கும் பில் சீக்கிரம் பெருத்துவிடுகிறது.

பாக்கி ஏறிவிட்டால் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. கார்டு உபயோகத்தை அன்றே நிறுத்திவிட்டு, பாக்கியைக் குறைந்த வட்டித் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்தாவது மூன்றரை வட்டியை அடைப்பது லாபம். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ போன் செய்யக் கூடாது, மிரட்டவும் கூடாது. பாக்கியைத் தீர்த்துவிட்டுக் கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். வங்கியில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.