குருதியிழப்பு அதிர்ச்சியில் இதயத்தூண்டு மருந்துகள்

குருதியிழப்பு அதிர்ச்சி என்பது உடலிலிருந்து பெருமளவு குருதி வெளியேறுவதால் இழையங்களுக்குப் (திசுக்களுக்கு) போதிய ஆக்சிசன் கிடைக்காமல் போகும் நிலையாகும். விபத்துக் காயங்கள், மகப்பேற்றின் பின்னான குருதிப்போக்கு, இரைப்பைப் புண் போன்றவை இதற்கான காரணங்களிற் சில. இந்நிலையில் உள்ளவரை மீட்கும்போது, இதயத்தின் சுருங்கும் ஆற்றலைக் கூட்டும் மருந்துகளும் குருதிக் குழாய்களைச் சுருக்கும் மருந்துகளும் சில வேளைகளில் பயன்படுத்தப்படுகின்றன. எனினும் இவை இழந்த குருதிக்கு மாற்றாக அமைவதில்லை. குருதிப்போக்கை நிறுத்துவதும் குருதியை ஈடுசெய்வதுமே முதன்மைச் சிகிச்சை ஆகும்.

உடலின் ஈடுசெய்யும் முறை

ஏறத்தாழ 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 5 லீட்டர் குருதி உள்ளது. இதில் 15% வரை இழக்கப்படும்போது குருதி அழுத்தத்தில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. இழப்பு கூடும்போது பரிவு நரம்புத் தொகுதி தூண்டப்பட்டு, அட்ரினலின், நோர்அட்ரினலின் ஆகியவை மிகுதியாகச் சுரக்கின்றன. நாடித்துடிப்பு விரைவடைகிறது; தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குச் செல்லும் குழாய்கள் சுருங்குகின்றன. இதனால் மூளைக்கும் இதயத்துக்கும் செல்லும் குருதி பேணப்படுகிறது. இழப்பு 30 விழுக்காட்டைத் தாண்டும்போது பொதுவாகக் குருதி அழுத்தம் வீழ்ச்சியடைகிறது.

அதாவது, மருத்துவர் வெளியிலிருந்து செலுத்தக்கூடிய மருந்துகள் சிலவற்றை உடல் ஏற்கனவே தானாகவே சுரந்துகொண்டிருக்கிறது.

மருந்துகளும் அவற்றின் செயற்பாடும்

* டோபியூட்டமைன்: பீட்டா ஏற்பிகளைத் தூண்டி இதயத் தசையின் சுருக்கத்தை வலுப்படுத்துகிறது. குருதிக் குழாய்களை ஓரளவு விரிவடையச் செய்வதால், குருதி குறைந்த உடலில் அழுத்தத்தை மேலும் தாழ்த்தக்கூடும்.
* அட்ரினலின்: இதயத்தைத் தூண்டுவதோடு, கூடிய அளவில் குழாய்களையும் சுருக்குகிறது. இதயத் தசையின் ஆக்சிசன் தேவையையும் கூட்டுகிறது.
* நோர்அட்ரினலின்: முதன்மையாக ஆல்ஃபா ஏற்பிகள் வழியாகத் தமனிகளையும் சிரைகளையும் சுருக்குகிறது. சிரைகள் சுருங்குவதால் அவற்றில் தேங்கிய குருதியில் ஒரு பகுதி இதயத்துக்குத் திரும்புகிறது.
* வாசோபிரெசின்: கபச்சுரப்பியிலிருந்து வெளிப்படும் வளரூக்கி. நீடித்த அதிர்ச்சியில் உடலில் உள்ள இதன் இருப்பு குறைந்துவிடுகிறது.

நிரம்பாத இதயம்

இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் அளவு, துடிப்புக்கு முன் அதனுள் நிரம்பும் குருதியின் அளவைப் பெரிதும் சார்ந்துள்ளது. இது பிராங்க்–இசுட்டார்லிங் விதி எனப்படுகிறது. குருதியிழப்பின்போது இதயத் தசை பெரும்பாலும் நலமாகவே இருக்கும். அதற்குள் வந்து சேரும் குருதியே குறைவாக இருக்கும். நீரற்ற கிணற்றில் பொருத்திய இறைப்பியை வேகமாக இயக்கினாலும் நீர் கூடுவதில்லை. அதுபோலவே நிரம்பாத இதயத்தை மருந்தால் தூண்டுவதன் பயன் மிகச் சிறிதாகும்.

குழாய்களைச் சுருக்கும் மருந்துகளில் வேறோர் இடர் உண்டு. அழுத்தம் என்பது ஓட்டம் அன்று. கருவியில் தெரியும் அழுத்தம் உயர்ந்திருக்கும்போதே குடலும் சிறுநீரகமும் ஆக்சிசன் இன்றிப் பாதிக்கப்படலாம். மேலும், குருதிப்போக்கு நிறுத்தப்படாத நிலையில் அழுத்தத்தை உயர்த்தினால் உறைந்த குருதிக்கட்டி பெயர்ந்து மீண்டும் குருதி பெருகலாம்.

ஆய்வு வரலாறு

முதலாம் உலகப்போரின்போது பிரான்சில் பணியாற்றிய அமெரிக்க உடலியங்கியலாளர் வால்ட்டர் கேனன், அறுவை மருத்துவர் குருதிப்போக்கைக் கட்டுப்படுத்த ஆயத்தமாகும் முன் அழுத்தத்தை உயர்த்துவது தீங்கு தரலாம் என 1918 இல் எச்சரித்தார்.

1994 இல் வெளியான ஹியூஸ்டன் நகர ஆய்வில், உடற்பகுதியில் துளைக்காயமுற்ற 598 பேர் ஆராயப்பட்டனர். அறுவை அறைக்குச் செல்லும் வரை நீர்மம் செலுத்தாமல் காத்திருந்தவர்களில் 70% பேரும், உடனடியாக நீர்மம் பெற்றவர்களில் 62% பேரும் உயிர் பிழைத்தனர்.

2008 இல் வெளியான மற்றோர் ஆய்வில், காயமுற்று முதல் 12 மணி நேரத்துக்குள் குழாய்ச்சுருக்கி மருந்துகளைப் பெற்றவர்களின் இறப்பு அபாயம் ஏறத்தாழ 80% கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் இது உற்றுநோக்கல் ஆய்வு; நோய்நிலை கடுமையாக உள்ளவர்களுக்கே இம்மருந்துகள் கொடுக்கப்படுவது இயல்பு என்பதால், மருந்தே காரணம் என இதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

2019 இல் அமெரிக்காவில் 100 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வொன்று வெளியானது. குறைந்த அளவு வாசோபிரெசின் பெற்றவர்களுக்குத் தேவைப்பட்ட குருதிப் பொருட்களின் அளவு குறைந்தது. இறப்பு வீதத்தில் வேறுபாடு காணப்படவில்லை.

மருந்துகள் தேவைப்படும் நிலைகள்

* குருதியும் நீர்மமும் செலுத்தியும் அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவில் தாழ்ந்திருக்கும்போது, அவை உடலில் சேரும் வரையான இடைக்காலத்தில் நோர்அட்ரினலின் பயன்படுகிறது.
* மார்பில் அடிபட்டு இதயத் தசை காயமுற்றாலோ, முன்பே இதயநோய் இருந்தாலோ டோபியூட்டமைன் போன்ற இதயத்தூண்டிகள் தேவைப்படலாம்.
* தண்டுவடக் காயத்தாலோ மயக்க மருந்தாலோ குழாய்கள் தளர்ந்திருக்கும்போது குழாய்ச்சுருக்கிகள் பயன்படுகின்றன.

தற்போதைய அணுகுமுறை

ஐரோப்பிய வழிகாட்டுதல்களின்படி, மூளைக்காயம் இல்லாதவர்களில் குருதிப்போக்கு நிற்கும் வரை மேல் அழுத்தம் 80–90 மி.மீ. பாதரச அளவில் இருந்தாற் போதுமானது. கடுமையான மூளைக்காயம் உள்ளவர்களில் மூளைக்குச் செல்லும் குருதி குறையக்கூடாது என்பதால் இதனிலும் உயர்ந்த அழுத்தம் பேணப்படுகிறது. செங்குருதியணுக்கள், குருதி நீர்மம், குருதிச் சிறுதட்டுகள் ஆகியவை சமநிலையில் ஏற்றப்படுகின்றன. காயமுற்ற 3 மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் அமிலம் கொடுப்பது இறப்பைக் குறைக்கிறது.

சேமித்த குருதியில் உள்ள சிட்ரேட்டு, உடலின் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்கிறது. கால்சியம் குறைந்தால் இதயச் சுருக்கமும் குருதி உறைதலும் நலிவடைகின்றன. எனவே மிகுதியாகக் குருதி ஏற்றப்படுபவரின் இதயம் தளரும்போது, தூண்டு மருந்தை நாடுவதற்கு முன் கால்சியத்தின் அளவைச் சோதித்து ஈடுசெய்தல் இன்றியமையாததாகும்.

இவற்றையும் பார்க்க

* குருதி அழுத்தம்
* குருதி மாற்றீடு
* முதலுதவி