உடலும் ஓர் அமானிதம்

ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் விறாந்தையில் நிற்போரின் பேச்சைச் சற்றுக் கேளுங்கள். இன்னாருக்குச் சீனி வருத்தமாம், இன்னாருக்குப் பிரஷராம் என்பதே கதையாக இருக்கும். 'திடீரென்று வந்துவிட்டது' என்பார்கள். உண்மையில் இந்நோய்கள் பெரும்பாலும் திடீரென்று வருவதில்லை. பல வருடங்களாக உடலுக்குள் வளர்ந்து வருகின்றன. நாம்தான் அளந்து பார்ப்பதில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். உயரம் 165 செ.மீ., நிறை 62 கிலோ. நிறையை, மீற்றரில் கணித்த உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. எனக்கு அது 22.8. ஆசிய மக்கள் 23இலிருந்தே கவனமாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. நான் தப்பினேன் என்றே நினைத்தேன். ஆனால் வைத்தியர் அளவு நாடாவை எடுத்தார். வயிற்றின் சுற்றளவு 94 செ.மீ.! வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 118.

தராசு எடையைச் சொல்லும். கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஈரலையும் குடலையும் சூழ்ந்து படியும் கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. தெற்காசியரில் மெலிந்தவர்களிடமும் இது சேர்வதுண்டு. ஆகவே ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே எச்சரிக்கை எல்லை. கர்ப்பிணிகளுக்கு இக்கணக்கு பொருந்தாது.

அளப்பது இலகு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, உடையின் மேலன்றி, மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவை இறுக்காமல் சுற்றுங்கள். மாதம் ஒருமுறை போதும். தளர்ந்த ஆடை அணியும் நம் சகோதரிகள் வயிறு பெருப்பதை உணர்வது அரிது. அவர்கள் அவசியம் அளக்க வேண்டும்.

வெறும் வயிற்றுச் சீனி 100க்குக் கீழ் இருப்பது நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் மீண்டும் பரிசோதித்து நீரிழிவை உறுதி செய்வார்கள். இரத்த அழுத்தம் 140/90ஐ எட்டினால் வைத்தியரிடம் தாமதிக்காதீர்கள். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைக் கடந்தோர் இவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம்.

உன் உடலுக்கும் உன்மீது உரிமை உண்டு என ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்கு உணர்த்தியதை நபி (ஸல்) அவர்கள் சரிகண்டார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடும்படியும் வழிகாட்டினார்கள். இதைப் பல வருடங்கள் மாணவருக்குப் போதித்த நான், கந்தூரிச் சஹனைக் கண்டதும் மறந்துவிடுவேன்!

இப்போது இராச் சோற்றைப் பாதியாக்கி, சுபஹுக்குப் பின் அரை மணித்தியாலம் நடக்கிறேன். நான்கு மாதங்களில் சுற்றளவு 90, சீனி 104. இன்னும் குறைய வேண்டும்.

ஸகாத்துக்காக வருடந்தோறும் செல்வத்தைக் கணக்கிடுகிறோம். அல்லாஹ் தந்த உடலுக்கும் ஒரு கணக்கு வைப்போம். இன்றே வீட்டுத் தையல் பெட்டியிலுள்ள நாடாவை எடுங்கள்.