உங்களுக்குத் தெரியுமா? சொட்டுக் கணக்கு

சிரம்பான் ராசா சாலையில் இருக்கிறது துவாங்கு ஜாபார் மருத்துவமனை. அங்கோ வேறெங்கோ, பயிற்சித் தாதி ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உதடசைத்தால் அது ஜபமல்ல, கணக்கு!

1,000 மி.லி. உப்புநீரை 8 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். சாதாரணக் குழாயில் 20 சொட்டு 1 மி.லி. மொத்தம் 20,000 சொட்டு, 480 நிமிடம். வகுத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42. ரப்பர்ப் பால் மங்கில் சொட்டுவதை யாரும் எண்ணுவதில்லை. இங்கே எண்ணியே ஆக வேண்டும்.

குழந்தைகளுக்கான நுண்சொட்டுக் குழாயில் 60 சொட்டு 1 மி.லி. ஒரு மணிக்கும் 60 நிமிடம்தானே? அதனால் மணிக்கு 30 மி.லி. என்றால் நிமிடத்துக்கும் 30 சொட்டு, வகுத்தலே வேண்டாம். அதே 30 சொட்டைச் சாதாரணக் குழாயில் விட்டால் மும்மடங்கு, 90 மி.லி. ஏறிவிடும். ஆகவே முதலில் பார்ப்பது, குழாய் உறையில் அச்சிட்ட எண்.