மெமரி ஃபோம் மெத்தை வாங்கப் போறீங்களா? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி எடையைப் பாருங்க

மணலி புதுநகர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். ஷிஃப்ட் வேலை, தரைத்தளத்துல வாடகை வீடு, பாயில படுத்து முதுகு வலி. 18,000 ரூபாய்க்கு ஒரு மெமரி ஃபோம் மெத்தையை ஆன்லைன்ல பார்த்து வெச்சிருக்கார். ஆறு மாசம் நோ காஸ்ட் இஎம்ஐ. "வாங்கலாமாண்ணா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி அந்த மெத்தை எதுல செஞ்சதுன்னு பார்த்துடுவோம். விளம்பரத்துல "நாசா தொழில்நுட்பம்"னு போடுவாங்க. பொய் இல்லை, ஆனா முழுசும் இல்லை. 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் விமான இருக்கைக்கான மெத்தையா உருவாக்கினதுதான் இந்த ஃபோம். விண்வெளியில யாரும் இதுல படுத்துத் தூங்கறதுக்காக இல்லை. இன்னைக்கு இதைச் செய்யற நிறுவனங்கள் ஏராளம். முக்கிய மூலப்பொருள் பாலியால். அதைத் தயாரிக்கிற மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் தம்பி வீட்டுக்குப் பக்கத்துலதான் இருக்கு. அதனால "வெளிநாட்டு ரகசிய ஃபோம்"னு சொல்லி கூடுதல் விலை கேட்டா சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

இப்போ முக்கியமான விஷயம். "மெமரி ஃபோம் மெத்தை"ன்னு விக்கிறதுல பெரும்பாலும் மேல ஒண்ணு ரெண்டு இன்ச் மட்டும்தான் மெமரி ஃபோம். கீழ இருக்கிறது சாதாரண பியூ ஃபோம். அது தப்பில்லை, அப்படித்தான் இருக்கணும். முழுசும் மெமரி ஃபோமா இருந்தா உடம்பு உள்ளே புதைஞ்சு போகும். இந்த ஃபோம் சூட்டுல இளகற தன்மை உள்ளது, நம்ம ஊர் மே மாசத்துல இன்னும் மெத்துனு ஆகும். நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு பகல்ல தூங்கறவங்க இதை யோசிக்கணும். ஏசி இல்லாத ரூம்னா மேல் அடுக்கு ஒரு இன்ச் போதும்.

ஏமாத்து வேலை நடக்கிறது கீழ் அடுக்குலதான். அங்கே பார்க்க வேண்டியது அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோங்கிறது. என் கணக்குல சாதாரண ஃபோம் 32-க்குக் குறையக்கூடாது, மெமரி ஃபோம் 50 இருந்தா நல்லது. அடர்த்தி வேற, கெட்டித்தன்மை வேற. கையால அமுக்கிப் பார்த்தா கெட்டித்தன்மைதான் தெரியும், அடர்த்தி தெரியாது.

கடைக்காரர் சொல்லலைன்னா? எடை போடுங்க. சிங்கிள் சைஸ், 72-க்கு 36, ஆறு இன்ச் உயரம், மேல ஒரு இன்ச் மெமரி ஃபோம்னு வெச்சுக்கோங்க. நான் சொன்ன அடர்த்தி இருந்தா ஃபோம் மட்டும் சுமார் 9 கிலோ வரும், உறை தனி. அதே அளவு மெத்தை 6 கிலோதான்னா உள்ளே மலிவு ஃபோம். ஆன்லைன்ல பொருளோட எடை போட்டிருப்பாங்க, பார்சல் லேபிள்லயும் இருக்கும். ரெண்டு நிமிஷ வேலை.

நான் இதைச் செய்யாம மாட்டிக்கிட்டேன். என் முதல் மெத்தை ரெண்டாவது வருஷமே இடுப்பு படற இடத்துல குழி விழுந்துடுச்சு. பத்து வருஷ வாரண்டி கார்டோட போனா, "குழி இத்தனை மில்லிமீட்டருக்கு மேல இருந்தாத்தான் சார், உங்களுது கம்மி"ன்னுட்டாங்க. போதாததுக்கு ஒரு டீ கறை வேற. கறை இருந்தா வாரண்டி இல்லையாம். அந்தப் பொடி எழுத்தை வாங்கும்போதே படிங்க. 100 நாள் டிரையல்னா, திருப்பி எடுக்கிற செலவு யாருதுன்னும் கேளுங்க. தகராறு வந்தா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

முதுகு வலிக்கு கல்லு மாதிரி "ஆர்த்தோ" மெத்தைதான் வேணும்னு சொல்றவங்களை நம்ப வேண்டாம். ஸ்பெயின்ல 313 பேரை வெச்சு நடத்தின ஆய்வு 2003-ல் லான்செட் இதழில் வந்தது. நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்களுக்கு ரொம்பக் கெட்டியான மெத்தையை விட நடுத்தரமானதுதான் கூடுதல் பலன் தந்தது. வலி நிக்கலைன்னா டாக்டரைப் பாருங்க, மெத்தை மருந்து இல்லை.

அடுத்து இஎம்ஐ. பூஜ்ய வட்டின்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013-லயே சொல்லிடுச்சு. கிரெடிட் கார்டுல வங்கி வட்டி போடும், அந்த அளவுக்கு விலையில தள்ளுபடி தருவாங்க, அவ்வளவுதான். ஆனா வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில. 18,000 ரூபாய், ஆறு மாசம், 16% வட்டின்னா வட்டி சுமார் 810, அதுக்கு வரி 146. பிராசஸிங் கட்டணம் 199-ன்னா வரியோட 235. ஆக 380 ரூபாய் போச்சு. தொகை பெரிசில்லை. ஆனா முழுப் பணமும் ஒரே தடவை கட்டினா அந்தத் தள்ளுபடி ரொக்கமா குறையுமான்னு கேட்டுப் பார்க்காம விடாதீங்க.

தம்பிக்கு என் கணக்கு: தனி ஆளுக்கு சிங்கிள் போதும். 9,000 ரூபாய் மெத்தை அஞ்சு வருஷம் உழைச்சா ஒரு ராத்திரிக்கு 5 ரூபாய். 4,000 ரூபாய் மெத்தை ரெண்டு வருஷத்துல குழி விழுந்தா ஐந்தரை ரூபாய். 18,000-னா அதே அஞ்சு வருஷத்துக்கு கிட்டத்தட்ட 10 ரூபாய்.

இன்னொண்ணு, மணலி புதுநகர்ல தரைத்தளம். 2015-லயும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் அங்கே தண்ணி புகுந்தது தம்பிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இலவம்பஞ்சு மெத்தை நனைஞ்சா பிரிச்சு, பஞ்சைக் காய வெச்சு, திரும்ப அடைச்சுக்கலாம். ஃபோம் வெள்ளத் தண்ணியை உறிஞ்சிட்டா பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். வாரண்டியும் வராது. அதனால 18,000-ஐ தரையில விரிக்காதீங்க. 9 கிலோ சிங்கிளை வாங்குங்க, மிச்சத்துல ஒரு இரும்புக் கட்டில். மழை எச்சரிக்கை வந்தா மெத்தையைச் சுருட்டிக் கட்டி ஒருத்தரே பரண் மேல தூக்கி வெச்சிடலாம். ஆறு மாசத்துல வீடு மாறப் போறீங்கன்னா, அதுவரைக்கும் ரெண்டு இன்ச் மடிப்பு மெத்தையே தாராளம்.