பெயர் சொல்ல அஞ்சிய சர்க்கார்கள்

அயல்நாட்டில் அக்கிரமம் நிகழுங்கால் வல்லரசுகள் முதலில் தேடுவது நியாயத்தையன்று, நழுவும் வழியையே. இதற்கு ருவாண்டாவே போதிய சாட்சி.

1994ஆம் வருஷம் ஏப்ரல் 6ந் தேதி அந்நாட்டு ஜனாதிபதியின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உடனே கொலை தொடங்கிற்று. சுமார் நூறு நாட்களில் துட்ஸி இனத்தவரும், கொலைக்கு இணங்காத ஹூட்டுக்களுமாக ஏறக்குறைய எட்டு லக்ஷம் பேர் மாண்டனர். இது திடீரென மூண்ட கலகமன்று. ஆயுதங்கள் பதுக்கப்படுவதையும் துட்ஸிகளை ஒழிக்கத் திட்டமிடப்படுவதையும் ஐக்கிய நாடுகளின் படைத் தலைவர் ஜெனரல் டாலேர் ஜனவரி 11ந் தேதியே நியூயார்க்குக்கு அறிவித்தார். அவ்வாயுதங்களைக் கைப்பற்ற அவர் எண்ணியபோது, கூடாதென உத்தரவு வந்தது.

கொலை மூண்டபின் வல்லரசுகள் செய்தது யாது? தம் பிரஜைகளை மட்டும் விமானமேற்றி மீட்டுச் சென்றன. தன் வீரர் பதின்மரை இழந்த பெல்ஜியம் துருப்புக்களைத் திரும்ப அழைத்துக் கொண்டது. கிகாலி நகரில் ஒரு தொழிற்பள்ளியில் அவர்களை நம்பி அடைக்கலம் புகுந்திருந்தோர் சுமார் 2,000 பேர். ஏப்ரல் 11ந் தேதி துருப்புக்கள் வெளியேறின. அவர்களிற் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். பத்து நாள் கழித்துப் பாதுகாப்பு சபை, சுமார் 2,500 பேரிருந்த படையை 270 ஆகக் குறைக்க ஏகமனதாய்த் தீர்மானித்தது. கொலைகார சர்க்காரின் பிரதிநிதியும் அச்சபையில் அங்கத்தினராய் வீற்றிருந்தார். இதனினும் வெட்கக்கேடு உண்டோ?

அமெரிக்க சர்க்காரின் சாமர்த்தியம் வேறு விதம். 'இனப்படுகொலை' என்ற பெயரிட்டால் ஏதேனும் செய்தாக வேண்டுமே என்று அதன் அதிகாரிகள் அஞ்சினர். ஏனெனில் 1948ஆம் வருஷத்து உடன்படிக்கை, அக்குற்றத்தைத் தடுக்கும் கடமையைக் கையொப்பமிட்டோர் மேல் சுமத்துகிறது. ஆகவே 'இனப்படுகொலைச் செயல்கள்' நிகழ்ந்தனவென்று மட்டும் சொல்லி ஒதுங்கினர். சொல்லைப் பிளந்து கடமையினின்று தப்பினர்!

படை இருந்தும் பயனில்லை என்பார் உளர். எஞ்சி நின்ற சுமார் 450 வீரர்கள் கிகாலி விளையாட்டரங்கில் பல்லாயிரம் பேருக்குக் காவலாயிருந்தனர். அவர்களே தக்க விடை. மே 17ந் தேதி சபை 5,500 பேரை அனுமதித்தது. அவர்கள் வந்து சேருமுன் கொலையே முடிந்துவிட்டது. 1998ல் ஜனாதிபதி கிளிண்டன் கிகாலிக்குச் சென்று, உலகம் போதிய வேகத்தில் செயற்படவில்லை என்று வருந்தினார். பிணங்களுக்கு அனுதாபத்தால் ஆவதென்ன?

1946ல் இக்குற்றத்தை ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் முன் கொணர்ந்தவை கியூபா, பனாமா, இந்தியா ஆகிய மூன்று தேசங்கள். ஆதலின் நமக்குத் தனிப் பொறுப்புண்டு. எங்கு இனத்தின் பெயரால் மனிதர் வேட்டையாடப்படினும், குற்றத்தை அதன் பெயரால் உடனே அழைக்குமாறு நம் சர்க்காரை வற்புறுத்துதல் ஜனங்களின் கடமை. மக்கள் கேளாதவரை எந்த சர்க்காரும் தானே வாய் திறவாது என்பது நமது திடமான அபிப்பிராயம்.