ஏரிக்கு உரமிட்டது யார்?

மாணவர்களே, காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் என்று படித்திருப்பீர்கள். அதன் அணுக்கள் இரண்டிரண்டாக இறுகப் பிணைந்திருப்பதால் பெரும்பாலான உயிர்களுக்கு அது நேரடியாகப் பயன்படாது. மோட்டார் எஞ்சினின் கடும் வெப்பத்தில் அப்பிணைப்பு அறுந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. உரமிட்ட வயல்களிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் அம்மோனியா எழுகிறது. இவை காற்றோடு சென்று, மழையோடும் பனியோடும் இறங்குகின்றன.

அமெரிக்காவில் ராக்கி மலைத் தேசியப் பூங்காவின் உயரமான ஏரிகளருகே வயலுமில்லை, ஆலையுமில்லை. ஆயினும் அடிவண்டலை அடுக்கடுக்காக ஆராய்ந்தபோது, சுமார் 1950 முதல் நைட்ரஜனை நாடும் டயாட்டம் என்னும் நுண்பாசிகள் பெருகியிருப்பது தெரிந்தது. பாசி மாறினால் அதை உண்ணும் சிற்றுயிர்களின் வாழ்வும் மாறக்கூடும்.

இத்தகைய ஏரியைக் காக்கக் கரையில் வேலியிட்டால் போதாது. எனவேதான் 2007-ல் வகுத்த திட்டம், தொலைவிலுள்ள சமவெளியின் புகையையும் அம்மோனியாவையும் குறைக்கச் சொல்கிறது.